வெயிலில் கருகிய பூச்சி தின்னும் செடிகள்: காய்ந்த இலையை விடுங்கள், குருத்தைப் பாருங்கள்

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வெளியில் திறந்த வெயிலில் ஐந்து தொட்டிகள்: சாரசீனியா (நிமிர்ந்த குடுவை போன்ற இலைக்குள் பூச்சியை விழவைப்பது) இரண்டு, வீனஸ் ஃப்ளைட்ராப் (இலைநுனிப் பொறியை மூடிப் பிடிப்பது) ஒன்று, ட்ரோசெரா கேப்பென்சிஸ் (இலைமேல் பசைத்துளி சுரந்து ஒட்டவைப்பது) ஒன்று, நெப்பந்திஸ் (இலைநுனியில் குடுவை தொங்கும் கொடி) ஒன்று. பத்து நாள் விடாமல் கடும் வெயில் அடித்தபின் சாரசீனியாவின் குடுவைகளில் நடுவே பழுப்புப் பட்டை, ஃப்ளைட்ராப்பில் பொறிகள் ஒவ்வொன்றாகக் கறுக்கின்றன, ட்ரோசெராவில் பசைத்துளியே இல்லை, நெப்பந்திஸின் குடுவைகள் மேலிருந்து கீழாகக் காய்கின்றன. வெயில் சுட்டதா, தண்ணீர்க் கோளாறா, நோயா, எல்லாவற்றையும் மண் மாற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். இன்றைக்கு எதையும் பிடுங்காதீர்கள். கோடையில் இந்தச் செடிகள் சாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் வெயிலே நேரடியாகக் கொன்றவை கொஞ்சம்தான். வெயிலில் அடிபட்டு நின்ற செடியை வளர்த்தவர் பதறிப்போய் வேரோடு பிடுங்கி, புது மண்ணில் வைத்து, மருந்தடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, அதன்பின் போனவைதான் அதிகம். என் முதல் ஃப்ளைட்ராப்பை நானும் அப்படித்தான் இழந்தேன். நாலு பொறி கறுத்திருந்தது, வேரைப் பார்த்தால் கறுப்பாக இருந்தது, அழுகிவிட்டது என்று நினைத்து வேரையெல்லாம் வெட்டி எடுத்தேன். ஃப்ளைட்ராப்பின் வேர் ஆரோக்கியமாக இருக்கும்போதே கறுப்புதான், நுனி மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். ட்ரோசெராவின் வேரும் அப்படியே. இது தெரியாமல் நல்ல வேரை வெட்டி எறிந்தேன் என்பது இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ந்த இலையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது உங்களுக்கு முழுக்கதையைச் சொல்லாது. அந்த இலைக்கு நடந்தது போன வாரம் நடந்து முடிந்துவிட்டது. அது திரும்பப் பச்சையாகப் போவதும் இல்லை. செடி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை குருத்துதான் சொல்லும். நடுவில் புதிதாக வரும் இலை அல்லது குடுவையை மட்டும் பாருங்கள். அது பச்சையாக, விறைப்பாக, நேராக வந்துகொண்டிருந்தால் வெளியே எத்தனை இலை கருகியிருந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. பழைய இலைகள் நன்றாக இருந்து குருத்து மட்டும் முறுக்கிக்கொண்டோ, நுனி கறுத்தோ, வரவே வராமலோ இருந்தால்தான் கவலைப்பட வேண்டும், அதுவும் உடனே.

குருத்தைப் பார்த்தபின் அடுத்ததாக, விடிகாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நண்பகலில் தலை தொங்கி நிற்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. மதியம் வதங்கி, விடியும்போது நிமிர்ந்து நிற்கிறது என்றால், வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக நீரை விடுகிறது, அவ்வளவுதான். நிழல்வலை ஒன்று கட்டினால் சரியாகிவிடும். மண் ஈரமாக இருந்தும் விடிகாலையிலும் தொங்கியே கிடந்தால் வேரிலோ கிழங்கிலோ பிரச்சினை இருக்கிறது, அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது பிரச்சினையைக் கூட்டும். ட்ரோசெராவின் பசைத்துளிக்கும் இதே சோதனைதான். சூடான வறண்ட காற்றில் பகலில் துளி வற்றும், இரவில் ஈரப்பதம் ஏறியதும் திரும்பச் சுரக்கும். காலை ஆறு மணிக்கு இலை மினுமினுக்கிறது, பதினோரு மணிக்கு இல்லை என்றால் செடி நன்றாகவே இருக்கிறது. காலையிலும் துளி இல்லை, புது இலையிலும் இல்லை என்றால் வெளிச்சக் குறைவு, கெட்ட தண்ணீர், வேர் சேதம் இவற்றில் ஒன்று. முந்தைய நாள் மழை பெய்து துளியைக் கழுவிவிட்டிருந்தால் மட்டும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள்.

இனி கருகலின் வடிவத்துக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வெயில் சுட்ட இடம் முதலில் வெளுக்கும், அப்புறம் வைக்கோல் நிறமாகி காகிதம் போல மெல்லியதாகிவிடும். பச்சைக்கும் காய்ந்த பகுதிக்கும் நடுவே எல்லை கத்தியால் வெட்டியதுபோலத் தெளிவாக இருக்கும். முக்கியமாக, சூரியனைப் பார்த்த பக்கம் மட்டும்தான் சுட்டிருக்கும். மேலே இன்னொரு இலையோ குடுவையோ மறைத்திருந்தால் அந்த நிழலின் உருவம் அப்படியே பச்சையாக மிச்சமிருக்கும். அந்த நிழல் அச்சைக் கண்டுவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம், அது வெயில்தான். நோய்ப்புள்ளி இப்படி இருக்காது. அது வட்டமாகவோ ஒழுங்கில்லாமலோ இருக்கும், சுற்றிலும் கருமையான அல்லது மஞ்சள் விளிம்பு இருக்கும், வெயில் படாத அடிப்பக்கத்திலும் வரும், முக்கியமாகப் பரவும். பரவுகிறதா என்று தெரிய எளிய வழி: புள்ளியின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மெல்ல ஒரு கோடு போட்டுவிட்டு நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டவில்லை என்றால் அது பழைய காயம். தாண்டிவிட்டது என்றால் அந்த இலையை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள், பக்கத்துத் தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வெயில் சுடுவதற்கும் செடி வெயிலுக்கு ஆகாதது என்பதற்கும் சம்பந்தமில்லை. சாரசீனியாவும் ஃப்ளைட்ராப்பும் மரநிழல் அதிகமில்லாத திறந்த சதுப்பு வெளிகளில் வளர்பவை. முழு வெயில் அவற்றுக்கு வேண்டும். ஆனால் ஓர் இலை எந்த வெளிச்சத்தில் உருவானதோ அந்த வெளிச்சத்துக்குத்தான் அது தயாராக இருக்கும். பசுமைக்கூடத்திலோ ஜன்னலோரத்திலோ விரிந்த இலையை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் அது கருகும். அதே செடி வெயிலில் விரிக்கும் அடுத்த இலை கொஞ்சம் குட்டையாக, தடிப்பாக, சிவப்பேறி வரும், கருகாது. ஆகவே செடியை வாங்கியோ இடம் மாற்றியோ மூன்று வாரத்துக்குள் நடந்த கருகல் என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். பழைய இலைகள் போகட்டும், புதியவை வரட்டும். இப்போது பயந்து வீட்டுக்குள் கொண்டுபோனால் அடுத்த இலைகள் மெலிந்து வரும், பிறகு வெளியே வைக்கும்போது திரும்பவும் கருகும். இந்தச் சுழற்சியில் மாட்டிய செடி ஒவ்வொரு சுற்றிலும் கிழங்கில் சேர்த்து வைத்ததைக் கரைத்துக்கொண்டே போகும்.

(இலைமேல் விழுந்த நீர்த்துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்து சுடும் என்று அடிக்கடி சொல்வார்கள். 2010ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது: ரோமமில்லாத வழவழப்பான இலையில் உட்கார்ந்திருக்கும் துளி இலையைச் சுடுவதில்லை, ரோமங்கள் துளியை இலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் இலைகளில் மட்டும்தான் அப்படி ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே சாரசீனியாவின் தலைமேல் மதியம் தண்ணீர் ஊற்றிவிட்டோமே என்று வருந்த வேண்டாம்.)

வெயில் இலையைச் சுடுவது கண்ணுக்குத் தெரிகிறது. தொட்டியைச் சுடுவது தெரிவதில்லை, ஆனால் உண்மையான சேதம் அங்கேதான். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் மேற்குப் பக்கம் பிற்பகல் வெயிலில் நின்றால், சுவரை ஒட்டிய மண்ணின் வெப்பம் காற்றின் வெப்பத்தைவிட 10 டிகிரிக்கு மேலும் ஏறிவிடும். பெரும்பாலான செடிகளின் வேர்கள் 40 டிகிரியை நெருங்கும்போதே பாதிக்கப்படத் தொடங்குகின்றன. ஒரு தெர்மாமீட்டரைத் தொட்டியின் வெயில் பக்கத்தில், சுவரிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே செருகி மாலை மூன்று மணிக்குப் பாருங்கள், அப்புறம் நிழல் பக்கத்திலும் செருகிப் பாருங்கள். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் தொட்டி வைக்கும் விதமே மாறிவிடும். செடியின் ஒரு பாதி மட்டும் வாடி, அந்தப் பாதி தொட்டியின் வெயில் பக்கமாக இருந்தால் காரணம் இதுதான். வெள்ளைத் தொட்டி, தொட்டிக்குள் தொட்டி, தொட்டிகளை நெருக்கி வைத்து ஓரத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பது, இவற்றில் எது முடிகிறதோ செய்யுங்கள். இலைக்கு வெயில் வேண்டும், தொட்டிச் சுவருக்கு வேண்டாம்.

வேர்ச்சூடு என்றால் டார்லிங்டோனியா என்ற இன்னொரு குடுவைச் செடியைச் சொல்லாமல் விட முடியாது. வடக்கு கலிஃபோர்னியாவிலும் ஆரிகானிலும் குளிர்ந்த ஊற்றுநீர் கசியும் இடங்களில் வளரும் செடி அது. தலையில் வெயில் பட்டால் தாங்கும், வேர் சூடானால் ஒன்றிரண்டு நாளில் குடுவைகள் மேலிருந்து கீழே சரிந்துவிடும். அதற்குக் காலையில் குளிர்ந்த சுத்த நீரை மேலிருந்து ஊற்றி வடியவிடுவதுதான் மருந்து. உங்களிடம் அது இல்லை, நல்லது.

அடுத்தது தண்ணீர். நீங்கள் "ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன், அதனால் தண்ணீரில் பிரச்சினை இருக்காது" என்று எழுதியிருந்தீர்கள் (ஆர்ஓ என்பது உப்பை வடிகட்டிய தண்ணீர்). கோடையில் இதை அப்படியே நம்பக்கூடாது. இந்தச் செடிகளுக்கு 50 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 50 மில்லிகிராம் கரைந்த உப்புக்குள்) இருக்கும் தண்ணீர் நல்லது, 100 வரை ஓட்டலாம். ஆனால் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நிறுத்தி வைக்கும்போது ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு லிட்டர் பிடிக்கும் தட்டு, தினமும் ஒரு லிட்டர் குறைகிறது, 60 பிபிஎம் தண்ணீரால் நிரப்புகிறீர்கள். முதல் நாள் தட்டில் 120 மில்லிகிராம் உப்பு. அதன்பின் தினமும் 60 மில்லிகிராம் சேர்கிறது. முப்பது நாளில் 1,920 மில்லிகிராம், இரண்டு லிட்டரில் அது 960 பிபிஎம். கொஞ்சம் மண்ணும் பிடித்துக்கொள்ளும் என்று கழித்தாலும் நூற்றுக்கணக்கில்தான் நிற்கும். 10 பிபிஎம் தண்ணீராக இருந்தால்கூட அதே முப்பது நாளில் 160 ஆகிவிடும். குளிர்காலத்தில் இதே தட்டில் இதே தண்ணீர் பிரச்சினை செய்யாததற்குக் காரணம் அப்போது ஆவியாவது குறைவு, மழையும் அவ்வப்போது கழுவிவிடும். ஆகவே கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைப் பாட்டில் தண்ணீரில் அல்ல, தட்டுத் தண்ணீரில் வையுங்கள்.

உப்புச் சேதத்தின் முகம் வேறு மாதிரி. அது மெல்ல வரும், வாரக்கணக்கில். இலைநுனியும் ஓரமும் பழுப்பாகும், வெயில் பக்கம் நிழல் பக்கம் என்ற வித்தியாசம் இருக்காது, ஒவ்வொரு புது இலையும் முந்தையதைவிடச் சிறிதாகும், தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளைப் படிவம் தெரியும். ஒரே தட்டில் நிற்கும் எல்லாத் தொட்டிகளுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். இது ஒரு பெரிய துப்பு: ஒரு செடிக்கு மட்டும் வந்தால் பூச்சியையோ வேரையோ சந்தேகப்படுங்கள், தட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் வந்தால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். வைத்தியம் எளிது. தட்டைக் கொட்டிக் கழுவி, தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு சுத்த நீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி முழுவதும் வடியவிடுங்கள். கோடை முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். நல்ல மழை பெய்தால் தட்டை எடுத்துவிட்டு மழையையே இந்த வேலையைச் செய்ய விடுங்கள், அதைவிடச் சுத்தமாக யாரும் கழுவ முடியாது.

தண்ணீரின் இன்னொரு பக்கம் மூச்சு. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். சூட்டில் வேருக்கும் மண்ணிலுள்ள கிருமிகளுக்கும் ஆக்சிஜன் அதிகம் வேண்டும், கிடைப்பதோ குறைவு. இந்தச் செடிகளை நடும் பீட் மாஸ் (மக்கிய சதுப்புப் பாசி) கலவை பழசாகி, மக்கி, சேறாக இறுகியிருந்தால் அடியில் காற்றே இருக்காது. தொட்டியைத் தூக்கி அடித்துளையை முகர்ந்து பாருங்கள். ஈர மண் வாசனை வந்தால் சரி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்த மண் செத்துவிட்டது என்று பொருள். கலவை மூன்று வருடத்தைத் தாண்டியிருந்தால் இந்த நாற்றத்தை எதிர்பார்க்கலாம். அப்போதும் உடனே மண் மாற்றுவதற்கு முன் தட்டுத் தண்ணீரை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்து, தட்டு காலியாகி ஒரு நாள் கழித்து நிரப்பிப் பாருங்கள், மேல்மண் மட்டும் காய்ந்துபோகக் கூடாது. சாரசீனியா ஆழமான தண்ணீரையும் ஓரளவு சகிக்கும். ஃப்ளைட்ராப் சூடான தேங்கிய தண்ணீரில் கிழங்கு அழுகிப்போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறீர்கள், பிரித்து வைப்பது நல்லது. நெப்பந்திஸைத் தட்டில் நிறுத்தவே வேண்டாம், அதற்கு ஊற்றி வடிய வேண்டும்.

இப்போது உங்கள் செடிகளுக்கே வருகிறேன். சாரசீனியாவின் நடுவில் பழுப்புப் பட்டை என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தேகமே இல்லாமல் ஒன்று தோன்றியது, ஆனாலும் நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். அந்தக் குடுவையை வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். பட்டை இருக்கும் உயரம் வரை உள்ளே கறுப்பாக நிழல் தெரிகிறதா? அப்படியானால் அது செடி பிடித்த பூச்சிகளின் குவியல். கோடையில் ஈயும் எறும்பும் குளவியும் ஏராளமாக விழும், செரிக்கக்கூடியதைவிட அதிகமாக விழுந்தால் உள்ளேயே அழுகி, அந்த உயரத்தில் குடுவைச் சுவர் வெந்ததுபோலப் பழுப்பாகும். மேலும் கீழும் பச்சையாகவே இருக்கும். சில நேரம் மாட்டிக்கொண்ட குளவி கடித்துத் துளை போட்டு வெளியேறிய ஓட்டையும் இருக்கும். நாற்றம் உண்டு, ஆபத்தில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட குடுவை அது. பச்சை இருக்கும்வரை வெட்டாதீர்கள், செடி அதிலிருந்து இன்னும் உணவு எடுத்துக்கொண்டிருக்கிறது.

பழைய குடுவைகள் மேலிருந்து காய்வதும் இயற்கை. சாரசீனியா ஃப்ளாவா தன் நல்ல குடுவைகளை வசந்தத்தில் விட்டுவிடும், கோடை முதிரும்போது பொறி இல்லாத வாள் போன்ற தட்டை இலைகளை விடும், அதைப் பார்த்துச் செடி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. சாரசீனியா லூக்கோஃபில்லா இதற்கு நேர்மாறு, கோடையில் மந்தமாக நின்று இலையுதிர்காலத்தில்தான் அழகான வெள்ளைக் குடுவைகளை விடும். உங்களிடம் இருப்பது எந்த இனம் என்று தெரிந்துகொள்வது பாதிக் கவலையைக் குறைக்கும். சாரசீனியாவில் நான் உண்மையிலேயே பயப்படுவது ஒன்றுக்குத்தான்: ஒரு குருத்துமுனையில் உள்ள எல்லாக் குடுவைகளும், இளசு முதிசு வித்தியாசமில்லாமல், இரண்டு மூன்று நாளில் சேர்ந்து மங்கி வாடுவது. அது கிழங்கு அழுகல். அந்த முனையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படி இருந்தால் மட்டும் செடியை வெளியே எடுக்கலாம். கிழங்கைச் சுத்தமான கத்தியால் பழுப்பு முழுவதும் போய் வெட்டுமுகம் வெள்ளையாகத் தெரியும்வரை துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே வர வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். மிஞ்சியதைப் புதிய ஸ்பேக்னம் பாசியில் (ஈரம் பிடித்துவைக்கும் சதுப்புப் பாசி) வைத்து நிழலில் விடுங்கள். கோடையில் மண் மாற்ற நான் ஒப்புக்கொள்ளும் ஒரே சூழ்நிலை இது.

ஃப்ளைட்ராப்பின் பொறிகள் கறுப்பதில் முக்கால்வாசி வயதினால்தான். ஒரு பொறி இரண்டு மூன்று தடவை இரை செரித்தால் அதன் வேலை முடிந்தது. இரை பெரிதாக இருந்து கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பொறி சரியாக மூடி இறுகாது, உள்ளே அழுகி, பொறி மட்டும் கறுக்கும், அதன் காம்பு பச்சையாகவே இருக்கும். விரலால் சும்மா தொட்டுத் தொட்டு மூடவைத்தாலும் பொறி சீக்கிரம் ஓய்ந்துவிடும். இவையெல்லாம் பொறியில் தொடங்கிக் காம்பை நோக்கி வரும் கறுப்பு. எதிர்த்திசையில், நடுக்குருத்தில் தொடங்கி வெளியே பரவும் கறுப்புதான் கெட்டது. அப்புறம், 35 டிகிரிக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் ஃப்ளைட்ராப் வளர்ச்சியையே நிறுத்தி வைக்கும், சில வாரம் புது இலை வராது, பழையது மட்டும் கறுத்துக்கொண்டிருக்கும். மேலிருக்கும் பாசியைக் கொஞ்சம் விலக்கிக் கிழங்கின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளையாக, பூண்டு போலக் கெட்டியாக இருந்தால் அது ஓய்வெடுக்கிறது. இந்த வருடம் பூக்கவிட்டிருந்தால் களைப்பு இன்னும் அதிகமாக இருக்கும்.

நெப்பந்திஸ் குடுவை மேலிருந்து காய்வது காற்றின் வறட்சியால், அல்லது வெறும் வயதால். ஒரு குடுவைக்கு ஆயுள் சில மாதங்கள்தான். கொடி நுனியில் பட்டாணி அளவில் நிற்கும் குடுவை மொட்டுகள் வளராமலே கருகினால் அது ஈரப்பதம் திடீரென்று குறைந்ததைக் காட்டும். இலை செம்பு நிறமாவது நல்ல வெயிலின் அடையாளம், பயம் வேண்டாம். மஞ்சளாகி நடுவே பழுப்புத் திட்டு வந்தால் வெயில் அதிகம், பாதி நிழலுக்கு நகர்த்துங்கள். இவற்றுக்கெல்லாம் அப்பால் ஒன்று உண்டு: கருகலே இல்லாமல், ஒவ்வொரு இலையும் சிறுத்துக்கொண்டே போய், குடுவை வருவதே நின்றுவிடுவது. உயர்மலை இனங்களுக்கு இரவு வெப்பம் இறங்காவிட்டால் இப்படி ஆகும். போர்னியோவின் கினபாலு மலையில் வளரும் நெப்பந்திஸ் ராஜா போன்றவை குளிர்ந்த இரவுக்குப் பழகியவை, பகல் நிழலை எவ்வளவு கூட்டினாலும் இரவுச்சூட்டை அது ஈடுசெய்யாது. ஆம்புலாரியா, ராஃப்ளேசியானா போன்ற தாழ்நில இனங்கள் இதே இரவில் கொழிக்கும். உங்களுடையது எதில் சேரும் என்று பெயர் தெரிந்தால் சொல்லுங்கள்.

வெளியில் வளர்ப்பவர்கள் மறந்துவிடும் இன்னொரு பகுதி பூச்சிகள். பூச்சி தின்னும் செடியைப் பூச்சி தின்னும் என்று யாருக்கும் உடனே தோன்றுவதில்லை. வறண்ட சூட்டில் முதலில் வருவது செஞ்சிலந்தி. இலையில் ஊசியால் குத்தியதுபோல நுண்ணிய மஞ்சள் புள்ளிகள், பிறகு ஒரு மங்கல், முற்றினால் மெல்லிய நூலாம்படை. வெயில் கருகல் என்று நினைத்து நிழலுக்கு மாற்றுவார்கள், அது பெருகிக்கொண்டே போகும். வெள்ளைத்தாள் ஒன்றை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்தி. இலைப்பேன் என்றால் சாரசீனியாவின் புதுக்குடுவை வளைந்து, வெள்ளி பூசியதுபோல் கீறல்களும் கரும்புள்ளி எச்சமும் இருக்கும். அசுவினி குருத்துக்குள் உட்கார்ந்து புது இலைகளை முறுக்கிவிடும், உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள் காட்டிக்கொடுத்துவிடும். மாவுப்பூச்சி சாரசீனியாவின் அடியில் காய்ந்த மடல்களுக்குள் ஒளிந்திருக்கும், அந்த மடல்களை உரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஃப்ளைட்ராப்பில் அசுவினி வந்தால் தொட்டியோடு சுத்த நீரில் ஒன்றிரண்டு நாள் மூழ்கவைத்து நிழலில் விடுவது பலகாலமாகப் பலன் தரும் வழி. சோப்புக் கரைசலும் தாமிர மருந்தும் வேண்டாம், இந்தச் செடிகளின் மென்மையான இலைகளை அவையே சுட்டுவிடும். எண்ணெய் கலந்தது எதையும் வெயில் நேரத்தில் தெளிக்காதீர்கள், மருந்தடித்த மறுநாள் வந்த கருகலைப் பூச்சியின் வேலை என்று நினைத்து இரண்டாம் தடவை அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சில செடிகள் கோடையில் காய்வதே அவற்றின் இயல்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும், யாராவது தூக்கி எறிந்துவிடப் போகிறார்கள். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் கிழங்கு ட்ரோசெராக்கள் குளிர்காலத்தில் வளர்ந்து, கோடையில் மேலே முழுவதும் காய்ந்து மண்ணுக்கடியில் கிழங்காக உறங்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும். கேப்பென்சிஸ் அப்படி உறங்குவதில்லை. ஆனால் மேலே எல்லாம் கருகிப்போனாலும் வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும், ஆகவே அந்தத் தொட்டியைக் குறைந்தது இரண்டு மாதம் ஈரமாக வைத்திருங்கள்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது என்று பார்த்தால் கொஞ்சம்தான். பிற்பகல் வெயிலை மட்டும் தடுக்கும்படி மேற்குப் பக்கம் 30 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், காலை வெயில் அப்படியே படட்டும். வெப்பம் தணிந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும், விட்டுவைத்தால் அடுத்த குடுவைகள் மெலிந்து சாயும். தட்டைக் கழுவி மேலிருந்து நீர் ஊற்றி வடியவிடுங்கள். முழுவதும் காய்ந்ததை மட்டும் வெட்டுங்கள். உரம் வேண்டவே வேண்டாம், அடிபட்ட வேருக்கு உரம் என்பது இன்னொரு உப்பு. ஈரப்பதம் வேண்டும் என்று நெப்பந்திஸைப் பாலித்தீன் பைக்குள் போட்டு வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடங்களில் உள்ளே அடுப்பாகிவிடும்.

நாளை விடிகாலை ஐந்து தொட்டிகளின் குருத்தையும் பக்கத்தில் போய்ப் படமெடுத்து அனுப்புங்கள், தட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் அளவையும் கூடவே எழுதுங்கள். இரண்டாவது சாரசீனியாவின் ஒரு பக்கம் மட்டும் சரிந்திருக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள், மற்ற நான்கையும்விட எனக்கு அதுதான் உறுத்துகிறது. அந்தப் பக்கத்துக் குருத்துமுனையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் தொட்டியைத் திருப்பி வைத்தால் போதும். ஆடினால் படத்துக்காகக் காத்திருக்காமல் உடனே எழுதுங்கள்.